தோட்டத்துக் கான்கிரீட் விளிம்புக்குக் கம்பி தேவையா?

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டைச் சுற்றி, பூச்செடிப் பாத்திக்கும் நடைபாதைக்கும் நடுவே, நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வளைவான கான்கிரீட் விளிம்பை அழகுக்காக அமைக்க இருக்கிறோம். அதற்குள் கம்பி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்கள் அனுபவத்தை நாடுகிறேன்.

பாரம் தாங்கும் வேலை அதற்கு இல்லை, ஆகவே கம்பி வீண் செலவு என்கிறார் கொத்தனார். செம்மண்ணாக இருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் இது கரிசல்; ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். கம்பி விரிசலை அடியோடு தடுக்காது என்றாலும், விரிந்த துண்டுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும். 8 மி.மீ. கம்பி ஒன்றை நட்டநடுவில் வைத்தால் இருபுறமும் சுமார் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கும். வளைவுகளில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், செடிக்குப் பாய்ச்சும் தண்ணீரில் துருவேறிப் பருத்து, விளிம்பையே பிளந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

கம்பியை விட்டுவிட்டு, அடியில் ஓரடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்து, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கி, விரிசல் கண்ட இடத்தில் ஓடாமலிருக்க நான்கடிக்கு ஓர் இணைப்பு வெட்டு விட்டால் போதுமா? கான்கிரீட்டில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை கலந்தவர்கள் யாரேனும் உண்டா? கரிசல் மண்ணில் இத்தகைய விளிம்பு கட்டி, இரண்டு மழைக்காலமாவது பார்த்தவர்கள் அது இப்போது இருக்கும் நிலையைப் படத்துடன் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.