புதுப்பிப்பு: அப்பாவின் விமான அணித் தோழர்கள் கிடைத்துவிட்டார்கள்

உச்சிப்புளிக் கடற்படைத் தளத்தில் 1980களில் அப்பாவோடு விமானம் ஓட்டியவர்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பெயர்களை வைத்துத் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அணியின் எண்ணையும் பணியாற்றிய ஆண்டுகளையும் எழுதிக் கொடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. முகவரி தரவில்லை, என் கடிதத்தை அவர்களே அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது வாரம் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. உச்சிப்புளித் தளத்துக்கு ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயர் 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் அதைத் தேடாதீர்கள்.

அரியமான் கடற்கரையில் நால்வர் கூடினார்கள். நான் எதிர்பாராதது: எதிரில் நின்றவரை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் வாய்திறந்து அழைத்ததும் தெரிந்துவிட்டது. பறக்கும்போது விமான வானொலியில் கேட்ட குரலாம். பொழுது சாயும்வரை பிடித்த கையை விடவேயில்லை.