முருங்கை இலைச் சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் ஏன் ஏறவே மாட்டேனென்கிறது?

மூலனூர்ப் பேத்தி:
வணக்கமுங்க. ஈரோட்டில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு மூலனூரில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்து முருங்கை இலை. ஒரு சாக்கு ஒடித்து, மொட்டை மாடியில் பழைய சேலை விரித்து மூன்று நாள் வெயிலில் போட்டேன். பழுப்பேறிவிட்டது, அப்போதே சந்தேகம்தான். மிக்ஸியில் அரைத்து, சாக்ஸ்லெட்டில் (எத்தனாலைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, திரும்பத் திரும்ப இலைமேல் சொட்டவிடும் கருவி) சுத்த எத்தனால் ஊற்றி 8 மணி நேரம் ஓட்டினேன். கரும்பச்சையாக, பிசின் மாதிரி நிறையவே வந்தது. ஆனால் டிபிபிஹெச் சோதனையில் (ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் அந்த ஊதாக் கரைசல் நிறம் மங்கணும்) ஊதா மங்கவே இல்லை. கடையில் வாங்கிய கிரீன் டீத்தூள் என் இலையை ஜெயித்துவிட்டது! கைடு "திரும்பச் செய்" என்கிறார். எதை? எத்தனால் ஒன்றரை லிட்டர்தான் மிச்சம்.

பழைய லேப்காரன்:
நிறைய வந்ததுதான் கோளாறு, தங்கச்சி. சுத்த எத்தனால் குளோரோஃபிலையும் மெழுகையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். முருங்கையில் குவர்செட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டித்தான் இருக்கும். அது இறங்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். எத்தனால் 70, தண்ணீர் 30. உங்கள் ஒன்றரை லிட்டர் இரண்டுக்கு மேல் ஆகிவிடும், செலவும் மிச்சம்.

சாக்ஸ்லெட்டை மூட்டை கட்டுங்கள். முதல் சுற்றில் இறங்கிய சரக்கு, கீழே குடுவையில் 78 டிகிரிக்கு மேல் கடைசிவரை கொதித்துக்கொண்டே கிடக்கிறது. கிராமுக்கு 20 மில்லி, 50 டிகிரி, ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். அதே சக்கையில் இன்னொரு தடவை.

அப்புறம், 517 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளக்கும்போது டிபிபிஹெச் சேர்க்காத சாற்றை பிளாங்க் (கழித்துக்கொள்ள வேண்டிய அளவு) வைத்தீர்களா? சாற்றின் நிறமே ஒளி உறிஞ்சும் அளவை ஏற்றி, ஊதா மங்காத மாதிரி காட்டும்.

அரவக்குறிச்சி அக்கா:
நாங்கள் முருங்கைப் பொடி போடுகிறோம். வெயிலில் போட்டபோதே பாதி போச்சு அம்மிணி. காலையில் ஒடித்து, உருவி, கழுவி, நீர் வடிந்ததும் கொட்டகைக்குள் வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃபேன் போட்டுவிடு. குவித்தால் உள்ளே புழுங்கிக் கறுக்கும். நசுக்கினால் அப்பளமாக நொறுங்கணும், பச்சை மாறக்கூடாது.

பழைய லேப்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் பழுப்பு இலையைக் கொட்டிவிடாதீர்கள். பழுப்பு, பச்சை இரண்டையும் ஒரே 70% எத்தனாலில் போட்டால்தான் குற்றம் வெயில் மேலா, எத்தனால் மேலா என்று தெரியும்.

மூலனூர்ப் பேத்தி:
அண்ணா, பிளாங்க் வைக்கவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் இன்னொரு சாக்கு ஒடிக்கணும். "போன சாக்கை ஆட்டுக்குப் போட்டிருந்தால் அதாவது தின்றிருக்கும்" என்கிறார் அப்பிச்சி.