கொக்குவிலிலை ஒரு நாற்சார் வீடு வெறுமையாகுது: என்ன பாத்து எடுக்கிறது?

கேள்வி: கொக்குவில் பேத்தி

எங்கடை ஒழுங்கைக் கடைசியிலை ஒரு பழைய நாற்சார் வீடு. சொந்தக்காரர் எல்லாரும் கனடாவிலை. வாற மாசம் வித்துக் காணி உறுதி முடிக்கப் போயினம். விருப்பமான ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சாமான் பாத்து எடுக்கலாம், மிஞ்சிறது திங்கள் பழைய இரும்பு எடுக்கிறவையின்ரை லொறியிலை போகும் எண்டு வீட்டைப் பாக்கிற அக்கா சொன்னவ.

நேற்று அஞ்சு நிமிசம் உள்ளுக்கை போய்ப் பாத்தன். ஒரு பெரிய பெட்டகம், மூடியில்லாத சிங்கர் கை மெசின், ரண்டு கிடாரம், குசினித் தட்டிலை மூண்டு மூக்குப்பேணி (மூக்கு வைச்ச பித்தளைப் பேணி, தேத்தண்ணி குடிக்கிறது). பரணிலை ரண்டு தகரப்பெட்டி நிறையக் கடுதாசி. என்னட்டை 15,000 ரூபாதான் இருக்கு.

எனக்கு முக்கியம் மூக்குப்பேணி. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடேக்கை அம்மம்மா பித்தளைச் சாமானை ஒரு சாக்கிலை கட்டிக் கிணத்துக்கை இறக்கினவ. அடுத்த வருசம் திரும்பி வந்து பாத்தால் சாக்கும் இல்லை, கயிறும் இல்லை. இப்ப அவவுக்கு 84 வயசு. கிளாசிலை குடிச்சால் தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இல்லை எண்டு இண்டைக்கும் சொல்லுவா. ஒண்டாவது அவவின்ரை கையிலை குடுக்கவேணும். மற்றதுகளிலை எது நல்லது, எது உதவாதது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பதில்: சங்கானைத் தச்சர்

தங்கச்சி, நான் பழைய வீடு பிரிக்கிற வேலையிலை 20 வருசத்துக்கு மேலை நிண்டனான். விறாந்தையிலை இருக்கிறதை எல்லாரும் காணுவினம். நீங்கள் நேரே குசினிக்கும் வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கத்துக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் போங்கோ. விடியவே போங்கோ.

முதல் பெட்டகம். மேல்பலகையைப் பாக்காதேங்கோ, அதை ஆரும் மினுக்கலாம். அடிப்பலகையையும் முதுகுப்பலகையையும் பாருங்கோ. மூலைப் பொருத்திலை பற்கள் ஒண்டுக்கொண்டு அளவு மாறி இருந்தால் கையாலை வெட்டினது. எல்லாம் ஒரே அளவெண்டால் மெசின் வேலை. முதிரை எண்டால் ஒரு ஆளாலை அரக்கேலாது. பலா முதல் மஞ்சளாய் இருந்து, வருசம் போகப் போகக் கறுத்துச் சிவக்கும். விரல் மொழியாலை தட்டுங்கோ. பொத்தல் சத்தம் கேட்டாலோ, கீழை மா மாதிரிக் கொட்டியிருந்தாலோ உழுத்துப்போச்சு, விடுங்கோ. வேண்டினால் தயவுசெய்து சீவுளி போட்டுச் சீவுவிக்காதேங்கோ. நூறு வருசம் கைபட்டு வந்த நிறத்தை நான் எந்தப் பொலிசாலையும் திருப்பித் தரமாட்டன்.

சிங்கர் மெசினிலை வலப்பக்கம் கீழை ஒரு இலக்கம் இருக்கும். இங்கிலிசு Y எழுத்திலை தொடங்கினால் ஸ்கொட்லாந்து கிளைட்பாங்க் தொழிற்சாலையிலை 1921க்கும் 1935க்கும் இடையிலை செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இலை பூட்டியாச்சு. உள்ளுக்கை தோணி மாதிரி நீள நூல் ஓடம் (ஷட்டில்) இருக்கோ எண்டு பாருங்கோ. சில்லு சுத்தினால் காணும், துரு எண்ணெயிலை இளகும். ஓடம் துலைஞ்சால்தான் கஸ்ரம்.

பித்தளைக்கு ஒரு காந்தம் கொண்டு போங்கோ. ஒட்டினால் உள்ளுக்கை இரும்பு, மேலை பூச்சு. மூக்குப்பேணியிலை மூக்கு உடம்போடை சேர்ற இடத்திலைதான் பிழை வரும். தண்ணி விட்டு வெளிச்சத்திலை பிடியுங்கோ. குடிக்கிறதுக்கு எண்டால் உள்ளுக்கை ஈயம் (வெள்ளீயம்) பூசவேணும், பூசாத பித்தளையிலை புளிப்பு ஒண்டும் விடக்கூடாது. பழப்புளி போட்டு மினுக்கிறதெல்லாம் பாவிக்கிற சாமானுக்கு. பழைய சல்லிக்காசு ஏதும் கிடைச்சால் அதிலை பழப்புளியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம். தேய்ச்சால் எழுத்துப் போயிடும்.

இனி நான் சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவும் எழுதினனான். நீங்கள் கடைசியாச் சொன்ன அந்தத் தகரப்பெட்டி ரண்டையும் முதல் எடுங்கோ. 2011இலை வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு பிரிக்கப் போனம். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டின பெடியன் என்னத்தை வைச்சு மூட்டிறான் எண்டு பாத்தால் ஓலை ஏடு. அரைக்கட்டு ஏற்கெனவே சாம்பல். மிச்சத்தைப் பறிச்சுக் கொண்டுவந்து ஒரு வைத்தியரிட்டைக் காட்டினன். குழந்தைப்பிள்ளை வைத்தியப் பாட்டு, நடுவிலை இருந்து தொடங்குது எண்டார். முன்பாதி என்ன எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியவராது. 81இலை எங்கடை யாழ்ப்பாண நூல்நிலையத்திலை 97,000 புத்தகம் எரிஞ்சதைக் கதைக்கிறம், அழுகிறம். மிஞ்சினது இப்பிடிப் பரண்களிலைதான் கிடக்கு, அதை நாங்களே அடுப்பிலை வைக்கிறம்.

ஏடு இருந்தால் இழுத்துப் பிரியாதேங்கோ, முறிஞ்சிடும். பருத்திச் சீலையிலை சுத்தி வையுங்கோ, பிளாஸ்ரிக் சொப்பின் பையிலை வேண்டாம், வேர்க்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுறது தெரிஞ்ச ஆக்களின்ரை வேலை. பழைய விழா மலர், சஞ்சிகை, கல்யாணப் பத்திரிகை, கொப்பி எண்டால் நூலகம் நிறுவனத்தாரிட்டைக் காட்டுங்கோ. 2005இலையிருந்து உப்பிடியானதை மின்வருடி (ஸ்கான் பண்ணி) எல்லாரும் வாசிக்க இணையத்திலை போடுகினம். காணி உறுதி, சீதன உறுதி, பிறப்புப் பதிவு, குடும்பப் படம் இருந்தால் அது உங்களுக்கில்லை. கனடாவுக்கு அறிவியுங்கோ.

பதில்: நாணயப்பெட்டி

அண்ணை சல்லி எண்டு சொன்னதாலை ஒண்டு சேர்க்கிறன். கூடக் கிடைக்கிறது ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் தாளிப்பனை போட்ட செப்புச் சதம். ஒல்லாந்தற்றை கொம்பனி முத்திரை போட்ட சின்னச் செப்புக்காசும் வரும். படுத்த நந்தியும் கீழை "சேது" எண்ட எழுத்தும் கண்டால் அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின்ரை காசு. விக்கிறதைப் பற்றி யோசிக்கமுதல் நாவலர் வீதி நூதனசாலையிலை காட்டுங்கோ.

சட்டமும் தெரிஞ்சிருக்கவேணும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தின பொருளைத் தொல்பொருள் எண்டு வகுத்தது. அதுகளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியிலை கொண்டு போகேலாது. 1988இலை வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி வியாபாரம் செய்யிறவைக்கும் அனுமதிப்பத்திரம் வேணும். விக்கிரகம், கோயில் விளக்கு ஆரும் மலிவாய்த் தந்தால் தொடாதேங்கோ. அது எந்தக் கோயிலிலை இருந்து போனதோ.

பதில்: ஸ்காபரோ மாமி

இஞ்சை கனடாவிலை கோடை தொடங்கினால் சனிக்கிழமை விடிய ஒவ்வொரு தெருவிலையும் கராஜ் வாசலிலை மேசை போட்டு வீட்டுச் சாமான் விப்பினம். ரண்டு வருசத்துக்கு முந்தி எங்கடை ஆக்களின்ரை வீட்டு வாசலிலை ஒரு மூக்குப்பேணி கண்டன். பூங்கண்டுக்குத் தண்ணி விடுறது எண்டு ஒட்டியிருந்தது. ரண்டு டொலர். வித்த பிள்ளை, அப்பம்மா இருக்கேக்கை அதாலைதான் கண்டுக்குத் தண்ணி விட்டவ எண்டான். அவ வேறை என்னத்துக்கு அதை ஊரிலையிருந்து சுமந்து வந்தவ எண்டு அவனுக்கு ஆரும் சொல்லேல்லை. நான் சொன்னன். அவன் ரண்டு டொலரைத் திருப்பித் தந்திட்டு பேணியை உள்ளுக்கை கொண்டு போயிட்டான். எனக்கு அண்டைக்கு வந்த சந்தோசம் எந்தச் சாமான் வேண்டியும் வந்ததில்லை.

பிள்ளை, நீங்கள் எடுக்கிற ஒவ்வொண்டுக்கும் ஒரு துண்டிலை பேரும், எந்த வீடு, ஆர் பாவிச்சது எண்டும் எழுதிக் கட்டிவிடுங்கோ. அந்த அக்காவைக் கேட்டால் சொல்லுவா.

பதில்: துலாமிதிச்சவரின்ரை பேரன்

தங்கச்சி, உங்கடை அம்மம்மாவுக்குப் பேணி கிடைக்கவேணும், அதை மனசாரச் சொல்லுறன். அதோடை இதையும் கேளுங்கோ. மூக்குப்பேணி வாய் படாமல் அண்ணாந்து குடிக்கச் செய்தது. எங்கடை அப்பு கொக்குவில் பக்கம் நாற்சார் வீட்டுத் தோட்டங்களுக்குக் கிணத்துத் துலா மிதிச்சுத் தண்ணி இறைச்சவர். அவருக்கு அந்தப் பேணி குடுக்கிறேல்லை. அவருக்கெண்டு ஒரு தகரப்பேணி கோடிப்பக்கக் கூரை இறப்பிலை (இறவாரத்திலை) செருகியிருக்கும், முந்தி சிரட்டை. குடிச்சிட்டு அவரே கழுவித் திருப்பிச் செருகவேணும்.

பித்தளையைத் தேடி ஆக்கள் வருவினம். அந்தத் தகரப்பேணியை ஒருத்தரும் தேடமாட்டினம், இரும்பு லொறிக்குக்கூட அது பாரமில்லை. கோடிக்குப் போனால் இறப்பையும் ஒருக்கால் பாருங்கோ. இருந்தால் எடுத்து வையுங்கோ, நான் வந்து வேண்டுறன்.

கொக்குவில் பேத்தி, திங்கட்கிழமை

எல்லாருக்கும் நன்றி. விடிய ஆறு மணிக்குப் போனன். பெட்டகம் அடிப்பலகை முழுக்க உழுத்துப்போச்சு, விட்டிட்டன். மெசினிலை Y எழுத்துத்தான், ஆனால் ஓடம் இல்லை, எடுக்கேல்லை. பெட்டி ரண்டையும் அந்த அக்கா காசு வேண்டாமல் தந்தவ. ஏடு இல்லை. உறுதிகளைப் புறம்பாக்கிப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பியாச்சு. மிச்சத்திலை 1950களிலை எழுதின கணக்குக் கொப்பி பதினொண்டு: புகையிலை எத்தினை சிப்பம், ஆருக்கு எவ்வளவு கூலி எண்டு நாள் நாளாய் இருக்கு. துலாமிதிச்சவரின்ரை பேரன் அண்ணை, இறப்பு முழுக்கக் கைவிட்டுப் பாத்தன், பேணி இல்லை. அந்த அக்காவைக் கேட்டன். கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. தான் இந்த வீட்டு வேலைக்கு வந்த காலத்திலை ரண்டு இருந்தது எண்டவ. கூலிக் கொப்பியிலை பேர்கள் இருக்கு. உங்கடை அப்புவின்ரை பேர் இருக்குதோ எண்டு நீங்கள் வந்து பாருங்கோ, நாங்கள் வீட்டிலைதான் நிக்கிறம்.

மூக்குப்பேணி ஒண்டுதான் ஒழுகேல்லை. அம்மம்மா வேண்டி, மூக்கிலை விரலை விட்டுப் பாத்திட்டு, ஈயம் போயிட்டுது பிள்ளை, பூசிக்கொண்டு வா எண்டவ. யாழ்ப்பாணத்திலை இப்பவும் ஈயம் பூசுற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?