ஒரு வரி மாத்தல, எல்லா பில்டும் சிவப்பு. ஆடிட்டர் கேட்ட லாக்கும் காணோம். உதவுங்க!

காட்பாடிக்காரன்:
வணக்கம். காட்பாடியில நாலு பேர் சேர்ந்து ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் பண்றோம். பில்ட் (கோடை ஓடற சாஃப்ட்வேரா கட்டறது) நடக்கறது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல, அதை ஓட்டற மெஷின், அதாவது ரன்னர், ஆபீஸ்லயே ஒரு பழைய பிசி. டிப்ளாய்க்கு (கஸ்டமருக்கு அனுப்பறதுக்கு) முன்னாடி கான்ஃப்டெஸ்ட்ன்ற விதி சரிபார்க்கற கருவி ஓடும். ரூட் யூசரா (முழு அதிகாரத்தோட) ஓடக்கூடாது, லாக் (என்ன நடந்துச்சுன்ற பதிவு) இந்தியாவுக்குள்ளதான் இருக்கணும், இப்படி ரீகோன்ற விதி மொழியில 14 விதி எழுதி வெச்சிருக்கோம்.

நேத்து காலையிலேருந்து எந்த பில்டும் போகல. 'ரூல் பாடிக்கு முன்னாடி இஃப் வேணும்'ங்குது. அந்த நேரம் பார்த்து ஒரு லேப்ல ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் சுகர் அளவு பிரிண்ட் ஆயிடுச்சு. ஃபிக்ஸ் ரெடி, அனுப்ப முடியல.

இதுல இன்னொண்ணு. ஏழு மாசம் முன்னாடி விட்ட ரிலீஸை யார் ஒப்புக்கிட்டாங்க, ஸ்கேன்ல என்ன வந்துச்சுன்னு கஸ்டமரோட ஆடிட்டர் கேக்கறாரு. அந்த ரன்னைத் திறந்தா பாலாறு மாதிரி, பேர் இருக்கு, தண்ணி இல்ல.

சத்துவாச்சாரி:
தம்பி, கான்ஃப்டெஸ்ட் இமேஜ் (கருவியோட ரெடிமேட் பொட்டலம்) வெர்ஷன் நம்பர் இல்லாம லேட்டஸ்ட் டேக்கா? சமீபத்துல ரன்னர்ல டாக்கர் ப்ரூன் (ஓடாத இமேஜை அழிக்கற கட்டளை) அடிச்சீங்களா?

காட்பாடிக்காரன்:
ஆமாண்ணா, டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு முந்தாநாள் ராத்திரி அடிச்சோம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

சத்துவாச்சாரி:
நானும் அடி வாங்கினவன்தான். 2024 டிசம்பர்ல கான்ஃப்டெஸ்ட்டுக்கு உள்ள ஓடற ஓபன் பாலிசி ஏஜென்ட் (ஓபிஏ) 1.0 வந்தப்போ ரீகோ இலக்கணமே மாறிடுச்சு. விதிக்கு இஃப், கன்டெயின்ஸ் எல்லாம் கட்டாயம். உங்க பிசியில பழைய இமேஜ் கேஷ்ல கிடந்த வரைக்கும் தெரியல. ப்ரூன் அடிச்சதும் புதுசு இறங்கிடுச்சு.

இப்பவே பழைய இலக்கணத்துல ஓடச் சொல்ற ரீகோ-வெர்ஷன் வி0 ஃப்ளாக் போட்டு ஃபிக்ஸை அனுப்பு. பேஷண்ட் ரிப்போர்ட் விஷயம், நாளைக்குன்னு விடாதே. அப்புறம் இமேஜ் வெர்ஷனைக் கட்டிப் போடு. விதிகளை ஓபிஏ ஃபார்மேட் கட்டளையே புது இலக்கணத்துக்கு மாத்திக் குடுக்கும்.

லாக் விஷயம்: கிட்ஹப் சும்மா விட்டா 90 நாள்ல அழிச்சிடும். பிரைவேட் ரெப்போவுக்கு 400 நாள் வரைக்கும் கூட்டலாம், ஆனா இனிமே வர்றதுக்குத்தான், போனது போனதுதான். சர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்லயே 180 நாள் லாக் வெக்கச் சொல்லிடுச்சு. 2025 நவம்பர்ல வந்த தனிநபர் தரவு விதிகள் ஒரு வருஷம்ங்குது. அது தரவை யார் தொட்டாங்கன்ற லாக்குக்குத்தானேன்னு வாதாடாதே. உன் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாத்தற ஸ்கிரிப்ட்) இந்த பில்ட் பைப்லைன்லேருந்துதானே டேட்டாபேஸைத் தொடுது?

வாலாஜா_லாட்டு:
அண்ணா சொன்னது சரி, ஆனா 400 நாள் லாக்கை மட்டும் நம்பாதீங்க ப்ரோ. எங்கப்பா ராணிப்பேட்டையில தோல் ஃபினிஷிங் சூப்பர்வைசர். ஐரோப்பாவுல 2015 மே 1லேருந்து உடம்புல படற தோல் பொருள்ல குரோமியம்-6ன்ற நச்சு வகை ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விக்க முடியாது. அப்பா ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை வெச்சிருப்பாரு, ஓரமெல்லாம் சாயக் கறை. எந்த டிரம், என்ன தேதி, லேப் ரிப்போர்ட் நம்பர், யார் கையெழுத்து, எல்லாம் அதுல. பயர் (சரக்கு வாங்கறவர்) எப்ப கேட்டாலும் லாட் நம்பர் சொன்னா அட்டை வரும்.

நமக்கு லாட் நம்பர்னா ரிலீஸ் இமேஜோட டைஜஸ்ட், அதாவது அதோட கைரேகை எண். ஒவ்வொரு ரிலீஸுக்கும் கான்ஃப்டெஸ்ட் முடிவு, அன்னிக்கு இருந்த விதிகளோட கமிட் ஐடி (எந்த வெர்ஷன்னு காட்டற எண்), ஒப்புதல் குடுத்தவர், எல்லாத்தையும் டைஜஸ்ட் பேர்ல மும்பை ரீஜன் கிளவுட் பக்கெட்ல போட்டு ஆப்ஜெக்ட் லாக் (மாத்தவோ அழிக்கவோ விடாத பூட்டு) வெச்சிடுங்க. விதிகளைத் தனி ரெப்போவுக்கு மாத்துங்க. சட்டம் மாறி புது விதி வந்தா முதல்ல வார்ன்ல (எச்சரிக்கை மட்டும்) விடுங்க, தேதி வந்ததும் டினைக்கு (பில்டையே நிறுத்தறது) ஏத்துங்க. அப்போ அவசர ஃபிக்ஸ் அதுல மாட்டாது.

சத்துவாச்சாரி:
லாட்டு சொன்னதுல வார்ன் மட்டும் போதாது தம்பி, மஞ்சளா வர்றதை ஒருத்தனும் படிக்க மாட்டான். கடைசித் தேதியை விதிக்குள்ளயே எழுதிடு, தானா டினை ஆகட்டும்.

காட்பாடிக்காரன்:
ஃபிக்ஸ் போயிடுச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி. விதிகளை மாத்தறப்போ ஒரு கூத்து. லாக் இந்தியாவுக்குள்ள இருக்கணும்ன்ற விதி வேற பேக்கேஜ் பேர்ல இருந்துச்சு. கான்ஃப்டெஸ்ட் சும்மா ஓட்டினா மெயின் பேக்கேஜை மட்டும்தான் பார்க்குமாம். அந்த விதி இத்தனை நாளா ஓடவே இல்ல! எல்லா பேக்கேஜையும் பார்க்கச் சொல்ற ஆல்-நேம்ஸ்பேசஸ் ஃப்ளாக் போட்டதும் சிங்கப்பூருக்குப் போற ஒரு லாக் சிங்க் (லாக் போய்ச் சேர்ற இடம்) மாட்டுச்சு.

ஆடிட்டருக்கு புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றக் கோரிக்கை) ஒப்புதலும் இமேஜ்களை வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரியில இருந்த டைஜஸ்ட்டும் அனுப்பினேன். ஸ்கேன் முடிவு இல்லைன்னு உள்ளதை எழுதிட்டேன். திங்கக்கிழமை கூப்பிடறேன்னிருக்காரு.