காசநோய்: 1959-இல் தேவைப்படாத உணவு 2023-இல் எப்படித் தேவையானது?

கேள்வி:
வீட்டில் எளிய உணவுடன் மருந்து உட்கொண்டவர்களும், சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) சத்தான உணவுடன் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததாக 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் 'ரேஷன்ஸ்' ஆய்வு உணவை வலியுறுத்துவது முரண் அல்லவா?

பதில் 1:
முரண் இல்லை ஐயா, கேள்விகளே வேறு. சென்னை ஆய்வு கேட்டது, மருந்து வீட்டிலும் வேலை செய்யுமா என்பதை. ஜார்க்கண்டில் கேட்டது, நோயாளியுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்பதை. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன; நோயாளிகளுக்கோ இரு பிரிவிலும் உணவு உண்டு. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிய காசநோய் சுமார் 39 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆய்வுகளிலும் சென்னையில் உள்ள ஒரே நிறுவனத்தின் கைவண்ணம் உண்டு என்பது சுவையான செய்தி.

பதில் 2:
நோயாளிகளையும் மறக்க வேண்டாம். அதே ஜார்க்கண்ட் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. பட்டினி கிடக்கும் உடலில், கிருமியை அடைத்து வைக்கும் டி-செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களும் சோர்ந்துவிடுகின்றன.

பதில் 3:
காசநோயாளிகளின் உணவுக்காக அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது நல்லதே. ஆனால் கையில் வரும் பணம் வாடகைக்கும் வட்டிக்கும் போய்விடக்கூடும். பருப்பு மூட்டை அப்படிப் போகாது என்பதே என் கருத்து.