6×6 சுடோகுவுக்கு இரண்டு விடைகள் வந்துவிட்டன: கையால் புதிர் அமைப்பவர்கள் இதை எப்படித் தவிர்க்கிறீர்கள்?

வளர்பிறை:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நகலெடுத்து வழங்கும் சிற்றிதழில் கடைசிப் பக்கத்துப் புதிர் என் பொறுப்பு. இதுவரை குறுக்கெழுத்து மட்டுமே போட்டுவந்தேன். பள்ளிப் பிள்ளைகளும் பங்கெடுக்கட்டும் என்று இம்முறை 6×6 சுடோகு ஒன்றைக் கையாலேயே அமைத்தேன். ஒவ்வொரு கிடைவரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், இரண்டு வரிசை உயரமும் மூன்று கட்ட அகலமும் கொண்ட ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 6 வரையுள்ள எண்கள் ஒரு முறை மட்டுமே வர வேண்டும் என்பதுதான் விதி.

முதலில் முழு விடையையும் எழுதிக்கொண்டேன். முதல் வரிசை 123456; அதையே மூன்று இடம் நகர்த்தினால் இரண்டாம் வரிசை 456123. அதே முறையில் அடுத்தவை 231564, 564231, 312645, 645312. பிறகு அழிரப்பரை எடுத்து ஒவ்வோர் எண்ணாக அழித்துக்கொண்டே வந்து, பதினான்கை மட்டும் மிச்சம் வைத்தேன்.

1 · · | · 5 ·
· · 6 | · · 3
· 3 · | 5 · 4
· · 4 | · 3 ·
· 1 · | · · 5
· 4 5 | · 1 ·

இதழ் வெளியான நான்காம் நாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடையுடன் வந்தாள். அவளுடைய கடைசி இரண்டு வரிசைகள் 612345, 345612 என்று இருந்தன. தவறு என்று சுழிக்கப் பேனாவை எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தேன். எங்கும் விதி மீறப்படவில்லை. என் விடையும் சரி, அவள் விடையும் சரி.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நானே ஒரு முறை புதிரைப் போட்டுப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு விளங்காத சங்கதி. தடையில்லாமல் விடை வந்தது. கொடுத்துள்ள எண்களில் 2 ஒன்றுகூட இல்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் வட்டத்து நண்பர் ஒருவர். அது உண்மையா? கணினி நிரல் எழுதத் தெரியாத என்னைப் போன்றவர்கள், விடை ஒன்றே ஒன்றுதான் என்பதை எப்படி உறுதிசெய்வது?

பென்சில்முனை:

வணக்கம். உங்கள் புதிரைத் தாளில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். தொடக்கம் மிக நன்றாக இருக்கிறது. இடப்பக்க மேல் பெட்டியில் 3 எங்கே வரும் என்று பார்த்தால், இரண்டாம் வரிசையின் கடைசியில் ஒரு 3 இருக்கிறது, இரண்டாம் நெடுவரிசையிலும் ஒரு 3 இருக்கிறது. ஆகவே முதல் வரிசையின் மூன்றாம் கட்டத்தைத் தவிர அதற்கு வேறு இடமில்லை. அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மூன்றாம் நெடுவரிசை முழுவதும் நிறைந்துவிடுகிறது. இப்படியே ஓர் இடத்திலும் ஊகிக்காமல் 32 கட்டங்களை நிரப்பிவிடலாம். மிஞ்சுபவை நான்கு: ஐந்தாம், ஆறாம் வரிசைகளில் முதல் கட்டமும் நான்காம் கட்டமும். அந்த நான்கிலும் 3 அல்லது 6 வரலாம். ஐந்தாம் வரிசையில் 3 முன்னும் 6 பின்னும், ஆறாம் வரிசையில் அதற்கு நேர்மாறாக என்பது உங்கள் விடை. இரண்டையும் இடம் மாற்றினால் வரிசைக்கும் குறையில்லை, நெடுவரிசைக்கும் குறையில்லை, பெட்டிக்கும் குறையில்லை. மாணவி செய்தது அதைத்தான்.

அந்த இடத்தில் உங்களுக்கு ஏன் தடை தெரியவில்லை? அங்கே வந்தபோது நீங்கள் புதிரை விடுவிக்கவில்லை; 312645 என்று உங்கள் கையே எழுதியதை நினைவிலிருந்து எடுத்து எழுதினீர்கள். விடை தெரிந்தவர் தம் புதிரைத் தாமே சரிபார்ப்பது, எழுதியவரே மெய்ப்புப் பார்ப்பதைப் போன்றது. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது, அதுவும் ஒரு திருமண வீட்டில் நானே அச்சடித்து விநியோகித்த தாளில். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

குறை அழிரப்பரில் தொடங்கவில்லை, விடைக்கட்டத்திலேயே தொடங்கிவிட்டது. மூன்று இடம் நகர்த்தி வரிசைகளை அமைத்ததால், மேலிருந்து இரண்டிரண்டு வரிசையாக எடுத்துக்கொண்டால், முதல் நெடுவரிசையும் நான்காவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் ஆறாவதும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கின்றன. முதல் இரண்டு வரிசைகளில் முதல் நெடுவரிசை 1, 4; நான்காவது 4, 1. இப்படி நான்கு நான்கு கட்டங்களாக ஒன்பது செவ்வகங்கள் உங்கள் கட்டத்தில் உள்ளன. 36 கட்டங்களும் அவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு செவ்வகத்திலும் குறைந்தது ஓர் எண்ணாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதிலுள்ள இரண்டு எண்களும் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே இந்த விடைக்கட்டத்திலிருந்து எட்டே எண்களைக் கொடுத்து ஒரு நல்ல புதிரை யாராலும் அமைக்க முடியாது. நீங்கள் கொடுத்த பதினான்கில் எட்டுச் செவ்வகங்களுக்குப் பங்கு கிடைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றுக்கு, அதாவது கடைசி இரண்டு வரிசைகளின் இரண்டாம், ஐந்தாம் நெடுவரிசைகளுக்கு, மூன்று எண்கள். பக்கத்திலேயே இருக்கும் 3, 6 செவ்வகத்துக்கு ஒன்றுமில்லை.

திருத்தம் எளிது, எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம். மூன்றாம் வரிசையின் கடைசியில் உள்ள 4-ஐ எடுத்துவிட்டு, ஐந்தாம் வரிசையின் நான்காம் கட்டத்தில் 6-ஐ வையுங்கள். அந்த வரிசையில் 3, 4 இரண்டும் மிஞ்சும். இடப்பக்கக் கீழ்ப்பெட்டியில் ஏற்கெனவே 4 இருப்பதால் முதல் கட்டம் 3 ஆகத்தான் இருக்க வேண்டும். பிறகு எல்லாம் சரசரவென்று விழுந்துவிடும்.

இனி அமைக்கும்போது முழு விடையிலிருந்து அழித்துக்கொண்டு வராதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வெற்றுக் கட்டம் இரண்டு வரைந்துகொள்ளுங்கள். ஒன்றில் கொடுக்கப்போகும் எண்களை மட்டும் பேனாவால் எழுதுங்கள். மற்றொன்றில் அந்த எண்களிலிருந்து நிச்சயமாகக் கிடைப்பதை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். மேற்கொண்டு நகர முடியாத இடம் வந்தால், அங்கே புதிதாக ஓர் எண்ணைக் கொடுங்கள். பென்சில் கட்டம் நிறையும்போது விடையும் புதிரும் ஒன்றாகப் பிறந்திருக்கும். ஒரு படியிலும் ஊகிக்கவில்லை என்றால் விடை ஒன்றுதான் என்பதற்குத் தனியாகச் சான்று தேவையில்லை. இடையில் முரண்பாடு வந்து இரண்டு மூன்று எண்களைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். அது இந்த வேலையோடு கூடப் பிறந்த தொல்லை.

நிரலன்:

பென்சில்முனை சொன்ன முறையை மறுக்கவில்லை. ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன் கணினியிலும் ஒரு முறை சோதிப்பது பாவமில்லை. தெரிந்த பிள்ளை யாரிடமாவது கேட்டால் முப்பது வரியில் நிரல் எழுதித் தந்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: முதல் விடை கிடைத்ததும் நிரல் நின்றுவிடக் கூடாது, இரண்டாவது விடை இருக்கிறதா என்று தொடர்ந்து தேட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் விடைகாண் கருவிகளில் சில முதல் விடையோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் போட்டுப் பார்த்துவிட்டுப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

எண்களின் எண்ணிக்கையை நம்பியும் பயனில்லை. 9×9 சுடோகுவில் 17-க்குக் குறைவான எண்களைக் கொடுத்தால் ஒரே விடை அமையாது என்பதை 2012-இல் டப்ளினில் கேரி மெக்குவயர் குழுவினர் கணினியால் அலசி நிறுவினார்கள். அதைப் படித்துவிட்டு 25, 30 கொடுத்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 77 எண்களைக் கொடுத்த பிறகும் மிஞ்சும் நான்கு கட்டங்கள் இத்தகைய செவ்வகமாக அமைந்தால் இரண்டு விடைகள் வரும். உங்கள் 6×6 கட்டத்தில் அதே கதை 32 எண்களுக்குப் பிறகு நடந்திருக்கிறது.

கணினியால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. புதிர் பிள்ளைகளுக்கு ஏற்றதா, நடுவில் அலுப்புத் தட்டுமா என்பதைப் பென்சில் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். சுடோகு என்ற பெயர் பிறந்த ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் கையால் அமைத்த புதிர்களுக்கே பேர்போனது. கொடுக்கும் எண்கள் 32-க்கு மேற்படக் கூடாது, அவை இருக்கும் கட்டங்கள் சமச்சீராக அமைய வேண்டும் என்று அவர்கள் 1986 வாக்கில் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதும் விடைக்காக அன்று, அழகுக்காக.

கட்டமும் கோடும்:

2 இல்லாததுதான் காரணமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது காரணமில்லை. பென்சில்முனையின் திருத்தத்திலும் 2 கிடையாது. ஆனாலும் விடை ஒன்றுதான். ஆறு எண்களில் ஒன்று விடுபடலாம், ஏனெனில் மற்ற ஐந்தும் இடம் பிடித்த பிறகு மிஞ்சும் கட்டங்கள் எல்லாம் அதற்குத்தான். இரண்டு எண்கள் விடுபட்டால் ஆபத்து: விடை முழுவதிலும் அவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதினால் அதுவும் விடையாகிவிடும். 9×9 கட்டத்திலும் கொடுக்கும் எண்களில் குறைந்தது எட்டு வகை இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நான் சுடோகுவைவிட அட்டவணைப் புதிர்களை அதிகம் அமைப்பவன். அதாவது எந்த வீட்டில் யார் இருக்கிறார், என்ன குடிக்கிறார் என்று குறிப்புகளைக் கொடுத்து, கட்டங்களில் சரி, தவறு போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்பவை. அங்கும் இதே விதிதான் ஆள்கிறது. 1962 டிசம்பரில் லைஃப் இண்டர்நேஷனல் இதழில் வந்த புகழ்பெற்ற வரிக்குதிரைப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வீடுகள், நிறம், நாடு, வளர்ப்பு விலங்கு, பானம், சிகரெட் என்று ஐந்து வகைகள். குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் 2,488 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள் சாத்தியம். தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்பன கேள்விகள். குறிப்புகளில் எங்குமே தண்ணீரும் இல்லை, வரிக்குதிரையும் இல்லை! பானத்தில் ஒன்று, விலங்கில் ஒன்று என்று வகைக்கு ஒன்றாக விடுபட்டதால் அந்தப் புதிர் நிற்கிறது. விலங்குகளில் இரண்டு விடுபட்டிருந்தால் வரிக்குதிரையின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கவே முடியாது. என்னைக் கேட்டால், கேட்க வேண்டியதைக் குறிப்புகளில் சொல்லாமலே விட்ட அந்தச் சாமர்த்தியம் பதினைந்து குறிப்புகளையும்விட உயர்ந்தது.

வளர்பிறை:

அனைவருக்கும் நன்றி. அந்த மாணவியை நேற்று வரவழைத்து, நீங்கள் சொன்ன செவ்வகங்களைக் காட்டினேன். ஒன்பதையும் வண்ணப் பென்சிலால் தீட்டிக்கொண்டாள். பிறகு திருத்தத்தைச் சொன்னேன். அவள் 4-ஐ அழித்துவிட்டு, 6-ஐ எழுதுவதற்கு முன் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 6-ஐ வைக்காவிட்டால் இன்னொரு விடையும் வருகிறது என்றாள். முதல் வரிசை 123654, மூன்றாவது 231546, ஐந்தாவது 312465. மற்ற வரிசைகள் என் விடையில் உள்ளபடியே. சரிபார்த்தேன், பொருந்துகிறது. இது எந்தச் செவ்வகத்திலும் அடங்கவில்லையே?

பென்சில்முனை:

அடங்காது. அவள் சொல்வது சரி, என் பதிலில் நான் விட்டுவிட்டதும் அதுதான். 4, 6 ஆகிய இரண்டும் அங்கே முதல், மூன்றாம், ஐந்தாம் வரிசைகளில் மொத்தம் ஆறு கட்டங்களில் வட்டமாக இடம் மாறுகின்றன: முதல் வரிசையில் நான்காவதும் ஆறாவதும், மூன்றாம் வரிசையில் ஐந்தாவதும் ஆறாவதும், ஐந்தாம் வரிசையில் நான்காவதும் ஐந்தாவதும். வரிசைக்கு இரண்டு, நெடுவரிசைக்கு இரண்டு, பெட்டிக்கு இரண்டு என்று கணக்குத் தீர்ந்துவிடுவதால் எந்த விதியும் அதைத் தடுக்காது. ஆகவே ஒன்பது செவ்வகங்களிலும் ஓர் எண் இருந்தாக வேண்டும் என்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. நீங்கள் முதலில் கொடுத்திருந்த 4 இந்த ஆறு கட்ட வளையத்தை அடைத்தது, செவ்வகத்தை அடைக்கவில்லை. ஐந்தாம் வரிசையின் நான்காம் கட்டம் செவ்வகத்திலும் இருக்கிறது, வளையத்திலும் இருக்கிறது. அதனால்தான் அங்கே வைத்த ஒரே 6 இரண்டையும் அடைத்தது. அடுத்த இதழின் புதிரை அந்தப் பெண்ணிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள், விடைத்தாளைக் காட்டாமல்.