இறுதியாண்டு புரொஜெக்டில் இன்னும் மனதைக் குடைகிற சம்பவம் உண்டா?

உப்புவெளியான்:
எங்கள் தலைப்பு திருகோணமலைக் கரையோர நிலாவெளிக் கிணறுகளின் உவர். கதை தெரிந்ததுதான்: நன்னீர் மட்டம் கடலைவிட 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர்வரை உப்புநீரை அமத்திப் பிடிக்கும், மோட்டரைப் போட்டு இறைத்தால் உப்பு ஏறிவரும். ஒரு வீட்டில், நாங்கள் உப்பளக்கும் மீற்றரை (மின்கடத்துதிறன் கருவி) வாளிக்குள் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கையில் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "இப்ப நல்ல தண்ணி. புரட்டாசியில பாருங்கோ, வாயில வைக்கேலாது. அப்பவும் வருவீங்களோ தம்பி?" வைவா (வாய்மொழிப் பரீட்சை) ஆவணியில். அடுத்த பட்ச்சுக்கு வேறு தலைப்பு கொடுத்தாயிற்று. யார் போவது?

தம்பலகாமத்துப் பிள்ளை:
எனக்குக் குளக்கட்டு. 1986 சித்திரையில் கந்தளாய்க் குளம் உடைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள், அதனால் கசிவுதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். கசிவுநீர் எங்கே வெளிவரும் என்று கணினியில் ஓட்டிய படத்தோடு எங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்குப் போனால், குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை ஐயா படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எல்லாம் காயுற நேரத்திலயும் புல்லுப் பச்சையா நிக்குது பார் பிள்ளை, அங்க." செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கால் சில்லிட்டது. என் படத்தில் அந்த இடமே இல்லை! கணினிக்குக் கட்டு முழுக்க ஒரே மண். காலங்காலமாக வெட்டி நிரப்பிய கட்டு அப்படியா இருக்கும்? அறிக்கையில் அதை எழுதினால் சேர் "உள்ளூர்க் கதை, வெட்டுங்கோ" என்றார். வெட்டவில்லை.

பழைய இஞ்சினியர்:
உப்புவெளியான் தம்பி, கம்பஸைக் குறை சொல்லி என்ன பயன்? இளநிலைப் புரொஜெக்ட் ஒரு பழக்கம், அவ்வளவே. நாங்கள் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வெப்பமானி விட்டோம், ஏழும் ஏழு விதம், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இனிச் செய்பவர்கள் கவனிக்க: மீற்றரை 1413 கரைசலில் (மின்கடத்துதிறன் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று தெரிந்த நியமக் கரைசல்) சரிபார்க்க வேண்டும். வாசிப்பை 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குத் திருத்த வேண்டும், ஒரு பாகைக்குச் சுமார் 2 வீதம் மாறும். வாளித் தண்ணீர் போதாது. போத்தலில் கல்லைக் கட்டி அடியிலிருந்தும் எடுங்கள், உப்பு அங்கேதான் கிடக்கும். தண்ணீர் மட்டத்தையும் குறியுங்கள். அடுத்த பட்ச்சுக்கு அழகான அறிக்கையைவிட வாசிப்பு எழுதிய சீ.ஆர். கொப்பிதான் உதவும். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளில் போய் மாதாமாதம் அளக்கலாமே.

உப்புவெளியான்:
ஐயா, 1413இல் சரிபார்த்துத்தான் போனோம். எங்களுக்குக் கிடைக்காமல் போனது புரட்டாசி மாதம். ஆனால் கோணேசபுரி யோசனை நல்லது. அங்கே படிக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொப்பி என்னிடம் இருக்கிறது. எந்தக் கிணறு எந்த வளவில் என்ற படமும் தருவேன்.